ஊசல் காட்டிய புள்ளிகள்

ஒரு சாண் நூலின் நுனியில் மோதிரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு விரல்களால் நூலைப் பிடித்து, மோதிரத்தைத் தொங்கவிடுங்கள். கையை ஆட்ட வேண்டாம். மோதிரம் வலமாகச் சுற்றுகிறது என்று மனத்தில் மட்டும் நினையுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிறிது நேரத்திலேயே அது சுற்றத் தொடங்கிவிடும். இடமாகச் சுற்றட்டும் என்று நினைத்தால், தயங்கித் தடுமாறித் திசை மாறும். கையை அசைக்கவே இல்லை என்று சத்தியம் செய்யத் தோன்றும். அசைவு எங்கிருந்தோ வருகிறது என்றே மனம் நம்பும்.

எம்மா குன்ஸ் இதைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர். சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் பிரிட்னாவ் என்னும் கிராமத்தில், ஏழைக் கைத்தறி நெசவாளர் வீட்டில் 1892-இல் பிறந்தார். பின்னல் ஆலையில் வேலை பார்த்தார். ஓர் ஓவியரின் குடும்பத்தில் வீட்டு நிர்வாகியாக இருந்தார். கலைப்பள்ளி எதிலும் படித்ததில்லை. கைராசி உள்ளவர் என்று அக்கம்பக்கத்தார் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். 1938-இலிருந்து பெரிய வரைபடத்தாள்களை மேசையில் விரித்து, மனத்தில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, தாளின் மேல் ஊசலைப் பிடிப்பார். ஊசல் காட்டிய இடங்களில் புள்ளி வைத்து, அவற்றைப் பென்சிலாலும் வண்ணப் பென்சிலாலும் கோடு போட்டு இணைப்பார். தொடங்கிய படத்தை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். ஒரே அமர்வு ஒரு நாளைத் தாண்டியதும் உண்டு. நூற்றுக்கணக்கான படங்கள் இப்படி உருவாயின. எதற்கும் தலைப்பில்லை, தேதியில்லை. நோயாளி வந்தால், இருவருக்கும் நடுவே தரையில் ஒரு படத்தை விரித்து, அதைப் பார்த்தே நோயைச் சொல்வார்.

அந்தப் படங்களை அச்சில் பார்த்தாலே கண் உள்ளே இழுபடும். மையத்திலிருந்து நூற்றுக்கணக்கான நேர்கோடுகள் கிளம்பும். அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் யாரும் வரையாத வளைவுகள் தாமாகத் தோன்றும். ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத் தாளில், மில்லிமீட்டர் பிசகாத சமச்சீர். 1963-இல் அவர் இறக்கும்வரை இவற்றில் ஒன்றுகூடக் காட்சிக்கு வைக்கப்படவில்லை. தன் படங்கள் இருபத்தோராம் நூற்றாண்டுக்கானவை என்று அவர் சொல்லிவந்தார்.

இவற்றை எங்கே வைப்பது? கலை அருங்காட்சியகம் எந்தப் பள்ளி, எந்த ஆண்டு, என்ன தலைப்பு என்று கேட்கும். அறிவியல் அருங்காட்சியகம் உண்மையா பொய்யா என்று கேட்கும். மருத்துவமனை இவற்றைக் கையால்கூடத் தொடாது. முதலில் கதவைத் திறந்தவர் ஆராவ் நகரக் கலைக்கூடத்தின் இயக்குநர் ஹைனி விட்மர். 1973-இல் குன்ஸுக்கென்றே ஒரு காட்சி நடத்தினார். இப்படி எங்கும் சேராமல் கிடப்பவற்றுக்காகவே ஒரு தொழிலை உருவாக்கிக்கொண்டவர் இன்னொருவர். பெயர் ஹரால்ட் ஸேமன். எந்த நிறுவனத்திலும் நிரந்தர வேலை இல்லாத சுதந்திரக் கியூரேட்டர் என்ற வகைக்கே முன்னோடி அவர்தான்.

ஸேமன் 1933-இல் பெர்ன் நகரில் பிறந்தார். 1961-இல், முப்பது வயது நிறையும் முன்பே, அந்நகரக் கலைக்கூடத்தின் இயக்குநரானார். 1969-இல் அவர் நடத்திய காட்சி ஊரையே கொந்தளிக்க வைத்தது. ஒரு கலைஞர் உருக்கிய ஈயத்தைச் சுவரோரம் வீசினார். இன்னொருவர் சுவர்ப்பூச்சைச் சதுரமாகப் பெயர்த்தெடுத்தார். ஜோசப் பாய்ஸ் மூலைகளில் கொழுப்பைப் பூசினார். எதிர்ப்பு வலுத்தது. அதே ஆண்டில் ஸேமன் பதவியை விட்டு விலகி, ஒரே ஆள் கொண்ட முகமை ஒன்றைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை முடிந்ததும் திரும்பும் கூலித் தொழிலாளர்களின் நிலையையே தன் நிலையாக அறிவித்து, அந்த முகமைக்கும் அப்படியே பெயர் வைத்தார். 1972-இல் ஜெர்மனியின் காசல் நகரத்து ஐந்தாவது டாக்குமெண்டா கலைக்காட்சியைப் பொறுப்பேற்று நடத்தியபோது, பெர்ன் அருகே மனநலக் காப்பகத்தில் பல்லாண்டுகள் அடைபட்டிருந்து ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படங்களாலும் எழுத்தாலும் நிரப்பிய அடால்ஃப் வுல்ஃப்லியின் அறையை அங்கே மறுபடி கட்டிக் காட்டினார். புகழ்பெற்ற கலைஞர்களின் படைப்புகளும் அந்த அறையும் ஒரே கூரையின் கீழ் நின்றன. ஒவ்வொரு மனிதரும் தனக்கென ஒரு புராணத்தைக் கட்டிக்கொள்கிறார், அதற்காகவே உயிரைக் கொடுக்கிறார் என்பதில் அவருக்குத் தீராத ஈர்ப்பு இருந்தது. 1991-இல் சூரிச்சில் அவர் நடத்திய தொலைநோக்காளர்களின் சுவிட்சர்லாந்து பற்றிய காட்சியில் குன்ஸின் படங்களும் இடம்பெற்றன.

ஸேமனின் வேலையை மதிப்பிடுவதற்கு முன் அந்த ஊசலைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அதில் மர்மம் எது, இயற்பியல் எது என்று பிரித்துப் பார்த்தால்தான் ஸேமன் எதைக் காத்தார் என்பது விளங்கும்.

பாரிஸில் வாழ்ந்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரெல் இதை முறையாகச் சோதித்தவர். இரும்பு வளையம் ஒன்றை நூலில் கட்டிப் பாதரசக் கிண்ணத்தின் மேல் பிடித்தார், வளையம் ஆடியது. இடையே கண்ணாடித் தகட்டைச் செருகினால் ஆட்டம் தணிந்தது. ஏதோ ஒரு விசையைக் கண்ணாடி தடுக்கிறது என்று அங்கேயே முடிவு கட்டியிருக்கலாம். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரியாமல் தகட்டைச் செருகச் சொன்னார். இப்போது தகடு எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. கையின் கீழ் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, அதை விரல்களை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தார். நகர நகர ஆட்டம் குறைந்தது. ஊசல் ஆடும் என்ற எண்ணமும், அதைக் கண்ணால் பார்ப்பதும் சேர்ந்து, அவருக்கே தெரியாத தசை அசைவை உண்டாக்கியிருந்தன. 1833-இல் இதை நண்பர் ஆம்பியருக்குக் கடிதமாக எழுதி வெளியிட்டார். 1852-இல் இங்கிலாந்தின் வில்லியம் கார்ப்பென்டர், எண்ணமே நேரடியாகத் தசையை இயக்கும் இந்த வகை அசைவுக்குப் பெயர் சூட்டினார். மறு ஆண்டே மைக்கேல் ஃபாரடே, ஆவிகள் மேசையைச் சுழற்றுவதாக நம்பியவர்களின் உள்ளங்கைக்கும் மேசைக்கும் இடையே மென்பசை தடவிய அட்டை அடுக்குகளை வைத்தார். மேலட்டை முதலில் நகர்ந்திருந்தது. கைதான் மேசையைத் தள்ளியது. கை நகர்வதைக் காட்டும் முள் ஒன்றை அவர்கள் கண்முன்னே வைத்ததும் மேசை சுழல்வது நின்றது. நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும் முன் கவைக்குச்சியோ தேங்காயோ ஏந்தி நீரோட்டம் பார்ப்பவரின் கையில் நிகழ்வதும் இதே வகை அசைவுதான். அவர் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருளில்லை. கை அசைவது அவருக்கே தெரிவதில்லை.

இத்தனை சிறிய அசைவு எப்படிக் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமாகிறது? எவருடைய கையும் முழு அமைதியில் இருப்பதில்லை. நொடிக்குப் பத்து முறை அளவில் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு சாண் நீள ஊசல் ஒரு முறை போய்வர ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். அந்தத் தாளத்தோடு இசைந்து விழும் தள்ளல், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரலால் தள்ளுவதுபோல, ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். நாம் ஓர் அசைவைச் செய்யும்போது அதன் விளைவு இப்படி இருக்கும் என்று மூளை முன்கூட்டியே கணித்து வைக்கிறது. கணிப்பும் விளைவும் பொருந்தினால் ‘இதை நான் செய்தேன்’ என்ற உணர்வு எழுகிறது. விரலின் அசைவோ மிகச் சிறிது; ஊசலின் வீச்சோ பெரிது; தாமதித்தும் வருகிறது. பொருத்தம் விட்டுப்போகிறது. அதனால் சொந்தக் கையின் வேலை வேறொருவருடையதாகத் தோன்றுகிறது.

இதே ஷெவ்ரெல்தான் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்தபோது, ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தோன்றுவதை ஆராய்ந்து 1839-இல் பெருநூலாக வெளியிட்டவர். ஓவியர்கள் செராவும் டெலோனேயும் அந்த நூலிலிருந்து பாடம் கற்றார்கள். ஊசலின் மர்மத்தை அவிழ்த்தவரே நவீன ஓவியத்தின் வண்ணக் கணக்குக்கும் ஆசானாக இருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஊசல் விளங்கிவிட்டது, குன்ஸ் விளங்கிவிட்டாரா? அண்டத்திலிருந்து எந்தக் கதிரும் அந்தத் தாளில் இறங்கவில்லை என்று ஷெவ்ரெலைப் படித்தவர் சொல்லிவிடலாம். அப்படியானால் அந்தப் புள்ளிகள் அத்தனையும் குன்ஸிடமிருந்தே வந்தன. அந்த விகிதங்கள், வண்ணங்களின் அடுக்கு, நாள் முழுதும் தளராத கவனம் எல்லாம் பின்னல் ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குள், அவருக்கே தெரியாமல் இருந்தன. வியப்பு இங்கே குறையவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. மனித மூளை தன்னிடம் உள்ளதைத் தனக்கே மறைத்து வைத்துக்கொண்டு, பின்பு இன்னொருவர் தந்த பரிசாக வாங்கிக்கொள்ள வல்லது என்பதை விடப் பெரிய அதிசயத்தை எந்த ஆவியும் செய்துவிட முடியாது.

ஊசலும் மறைஞானமும் சந்தித்த இன்னோர் இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரம்மஞான சபை 1882-இல் சென்னை அடையாறுக்குத் தலைமையகத்தை மாற்றியது. அந்தச் சபையின் அன்னி பெசன்ட்டும் சார்லஸ் லெட்பீட்டரும் சேர்ந்து 1905-இல் எண்ண உருவங்களைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார்கள். கோபம், பக்தி, பேராசை ஒவ்வொன்றுக்கும் காற்றில் ஒரு வடிவமும் நிறமும் உண்டு, அதை ஞானப் பார்வையால் காணலாம் என்பது அவர்கள் வாதம். தாங்கள் கண்டதை ஓவியர்களிடம் சொல்லி வரையச் செய்தார்கள். வாதத்துக்குத் துணையாக அவர்கள் கூப்பிட்டது இயற்பியலை. ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-இல் விளக்கிய சோதனையை எடுத்துக்காட்டினார்கள். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பை வயலின் வில்லால் இழுத்தால், தகட்டில் அதிராத இடங்களில் மணல் ஒதுங்கி நட்சத்திரமாகவும் வலையாகவும் படியும். ஊசல்களில் பேனாவைப் பொருத்தி வரைந்த சுருள் படங்களையும் சேர்த்தார்கள். அவற்றில் மனிதக் கை இல்லை. இரு ஊசல்களின் அலைவு நேரங்கள் எளிய விகிதத்தில் இருந்தால் மலர் போன்ற உருவம் தானே விழும்.

அதிர்வு மணலுக்கு வடிவம் தரும் என்பது அளந்து பார்த்த உண்மை. எண்ணமும் அதிர்வே, அதுவும் வடிவம் பெறும் என்பது யாரும் அளந்து பார்க்காத பாய்ச்சல். ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பாய்ச்சல் இன்று தோன்றும் அளவுக்குத் துணிச்சலாகத் தோன்றியிருக்காது. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டு, தன் மனைவியின் கை எலும்புகளைப் படமெடுத்திருந்தார். அடுத்த ஆண்டு கதிரியக்கம் வந்தது. கம்பியில்லாத் தந்தி வந்தது. கண்ணுக்குத் தெரியாதவை ஒவ்வொன்றாக மெய்யாகிக்கொண்டிருந்த காலம் அது. ஓவியர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள். மோண்ட்ரியன் 1909-இல் சபையில் உறுப்பினரானார். காண்டின்ஸ்கி 1911 இறுதியில் வெளியிட்ட கலையின் ஆன்மிகம் பற்றிய நூலில் பிரம்மஞானத்தைப் பற்றி எழுதினார். ஸ்டாக்ஹோமில் ஹில்மா ஆஃப் கிளின்ட் 1906 முதல் 1915 வரை, மேலுலக ஆசான்கள் பணித்ததாக நம்பி, 193 ஓவியங்கள் கொண்ட வரிசையைத் தீட்டினார். தான் இறந்து இருபது ஆண்டுகள்வரை அவற்றைக் காட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். 2018-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்கு நடத்திய காட்சியை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

சென்னையிலிருந்து கிளம்பிய இந்த இழையின் ஒரு முனை ஸேமன் தேடிப்போன மலையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியான டிச்சினோவில், அஸ்கோனா ஊருக்கு மேலே மோண்டே வெரிட்டா என்ற குன்று. 1889-இல் ஆல்ஃபிரெடோ பியோடா என்ற அரசியல்வாதி அங்கே பிரம்மஞானிகளுக்கான மடம் ஒன்றைத் திட்டமிட்டார். அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர் மருத்துவர் ஃபிரான்ஸ் ஹார்ட்மன். சில ஆண்டுகளுக்கு முன் அடையாறில் தங்கிச் சபையின் நிர்வாகத்தில் பங்கேற்றவர் அவர். மடம் எழவில்லை. 1900-இல் வேறொரு கூட்டம் வந்தது. பெல்ஜியத் தொழிலதிபரின் மகன் ஹென்றி ஓடென்கோவன், பியானோ ஆசிரியை ஈடா ஹோஃப்மன், கிரேசர் சகோதரர்கள் ஆகியோர் இறைச்சியைத் துறந்து, வெயிலில் உடலைக் காயவிட்டு, மரக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். பின்னர் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே வந்து தங்கினார். 1913-இல் ருடால்ஃப் லாபன் நடனப் பள்ளி தொடங்கினார். அராஜகவாதிகள், ரகசியச் சபையினர், உளப்பகுப்பாய்வாளர்கள் என ஒவ்வொருவரும் தன் சொர்க்கத்தோடு அங்கே ஏறி வந்தார்கள். சில காலம் கழித்துக் கலைந்தும் போனார்கள்.

ஐம்பதாண்டுகள் கழித்து அந்தக் குன்றின் நினைவு பெட்டிகளிலும் பரண்களிலும் சிதறிக் கிடந்தது. ஸேமன் எழுபதுகளின் நடுவே அதைத் திரட்டத் தொடங்கினார். கடிதங்கள், புகைப்படங்கள், நாற்காலிகள், துணிகள், துண்டறிக்கைகள் என எதையும் சில்லறை என்று தள்ளவில்லை. 1978-இல் அஸ்கோனாவிலும் அருகிலுள்ள பிரிஸ்ஸாகோ தீவிலும் அவர் நடத்திய காட்சி, பின்பு சூரிச், பெர்லின், வியன்னா, மூனிக் நகரங்களுக்குச் சென்றது. 1981-இல் அது அந்தக் குன்றிலேயே, மூலைகள் வளைத்துக் கட்டிய காசா அனட்டா என்ற பழைய மரவீட்டில் நிரந்தரமாகக் குடியேறியது. புதுப்பிக்கப்பட்டு 2017-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் போய்ப் பார்க்கலாம். சூரிச் தொழில்நுட்பக் கழகமான ஈடிஹெச் 1989 முதல் அதே குன்றில் அறிவியல் மாநாடுகளை நடத்திவருகிறது. காலையில் சமன்பாடுகளைப் பேசிய ஆய்வாளர் மாலையில் சூரிய வழிபாட்டாளர்களின் படங்களைப் பார்க்க நடந்தே போகலாம்.

ஸேமன் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பு எழுதவில்லை. நம்பிக்கையையே ஒரு பொருளாக, மேசையின் மேல் வைத்துப் பார்க்கத்தக்க சான்றாக நடத்தினார். இது நழுவல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீர்ப்பு சொல்லும் அவசரத்தில் பொருளையே தூக்கி எறிந்துவிட்டால், பின்னால் வரும் அறிவியலுக்கு ஆராய என்ன மிஞ்சும்?

ஒன்றை மட்டும் பாருங்கள். உலகின் பல மூலைகளில் மறைஞானப் படங்கள் ஏன் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்ற கேள்வி வெகுநாள் பழையது. ஹைன்ரிச் க்ளூவர் என்ற உளவியலாளர் 1920-களில் பெயோட்டி கள்ளியைத் தானே உட்கொண்டு, கண்முன் தோன்றிய காட்சிகளைக் குறித்தார். தேன்கூடு, சிலந்திவலை, சுரங்கம், சுருள் என்ற நான்கு வகைக்குள் அவை அடங்கின. ஒற்றைத் தலைவலிக்காரர்களும் இமையை அழுத்திக்கொள்பவர்களும் இவற்றில் சிலவற்றைக் காண்கிறார்கள். 1979-இல் கணிதவியலாளர்கள் பார்ட் எர்மென்ட்ராட், ஜாக் கோவன் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். விழித்திரையின் மையப் பகுதிக்கு மூளையின் பார்வைப் புறணியில் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஓரங்களுக்குச் சிறிதளவே. புறணியின் நரம்புச் செயல்பாடு நிலைகுலைந்து தானாக வரிவரியாக ஒழுங்குபட்டால், அந்த நேர்வரிகள் இந்த ஏறுமாறான வரைபடத்தின் வழியே நமக்கு வட்டங்களாகவும் ஆரங்களாகவும் சுருள்களாகவும் தெரியும். தியானத்திலோ பட்டினியிலோ மயக்கத்திலோ ஒருவர் கண்ட சக்கரம், அவருடைய மூளையின் அமைப்பை அவரே கண்ட காட்சியாக இருக்கலாம். குன்ஸின் படங்களுக்கு இது விளக்கம் ஆகாது. அவர் கண்ணில் தோன்றியதை வரையவில்லை, புள்ளிகளை இணைத்தார். ஆனால் இத்தகைய படங்களை யாரோ பாதுகாத்து, அருகருகே மாட்டி வைத்தால்தான் இது போன்ற கேள்விகள் எழவே முடியும்.

ஓர் எல்லைக்கோடும் அவசியம். 1942-இல் குன்ஸ் வுரென்லோஸ் ஊரின் ரோமானியர் காலத்துக் கல்குவாரியில் ஒரு பாறைக்குக் குணமாக்கும் ஆற்றல் இருப்பதாக அறிவித்தார். அதன் பொடி இன்றும் அந்நாட்டில் விற்பனையாகிறது. 1953-இல் ஊசலின் வலிமையால் தன் தோட்டத்துக் காலெண்டுலாப் பூக்களைச் சுற்றிக் குட்டிப் பூக்களை முளைக்க வைத்ததாகச் சொல்லிப் புகைப்படமும் எடுத்துவைத்தார். தாய்ப்பூவின் அடியிலிருந்து குட்டிப் பூக்கள் கிளைப்பது அந்தச் செடியில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் நூற்றாண்டுகளாக அறிந்த இயல்பு. 2019-இல் லண்டன் செர்பென்டைன் கலைக்கூடம் குன்ஸின் படங்களைக் காட்டியபோது, பார்வையாளர் உட்காரும் இருக்கைகளை அந்தப் பாறையிலேயே செய்துவைத்தார்கள். அழகான யோசனைதான். ஆனாலும் படத்தின் மதிப்பு மருந்தின் மதிப்பாக நழுவிவிடாமல் காப்பது கியூரேட்டரின் கடமை. வியப்பைக் காட்சிக்கு வைக்கலாம். வைத்தியத்தைச் சோதனையில்தான் வைக்க வேண்டும்.

நமக்கு அடையாறு இருக்கிறது. பெசன்ட் 1907 முதல் 1933-இல் இறக்கும்வரை தலைமை வகித்த சபையின் வளாகம், 1886-இல் தொடங்கிய நூலகத்தோடு ஆற்றங்கரையில் நிற்கிறது. அதே கடற்கரையில் தெற்கே போனால் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966-இல் அதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துகளும் எண்களும் ஜாதகக் கட்டங்களும் நிறைந்த ஓவிய வரிசையைத் தீட்டியவர். இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, நடுவே மணல் தூவிய கிளாட்னித் தகடு ஒன்றையும் வைத்து, பக்தியும் ஏளனமும் இல்லாமல் காட்டக்கூடிய ஓர் இளம் கியூரேட்டருக்கு இங்கே பெரிய வேலை காத்திருக்கிறது. அதற்கு எந்த நிறுவனத்தின் பதவியும் தேவையில்லை. ஸேமன் மோண்டே வெரிட்டாவைத் திரட்டியதும் பதவியை விட்டு வெளியே வந்த பிறகுதான். கலையும் அறிவியலும் படித்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தயங்கும் மாணவர்கள் இதைத் தங்களுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.